அண்ணாச்சி கேட்காத கேள்வி

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. முன்பு ஒரு முறை அவர் பெயரைப் போட்டு, படத்தோடு, மூன்று பத்தி எழுதியிருக்கிறேன். அந்த மூன்று பத்திக்கு ஒரு குடும்பம் பத்து வருடத்துக்கு மேல் விலை கொடுத்தது. மறுபடியும் அந்தப் பெயரை அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அருப்புக்கோட்டையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நூல் வியாபாரி. கடையின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே, கை வைத்த மர நாற்காலி ஒன்று உண்டு. காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அதில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கூம்பு அட்டையில் சுற்றிய ஒரு நூல் கோன். அதிலிருந்து ஒரு முழ நூலை இழுத்து அறுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். முறுக்குப் பார்க்கிற பழக்கம். நூல் வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான். அவர் பேசும்போதும் செய்வார், கேட்கும்போதும் செய்வார்.

அந்த ஒன்றரை மணி நேரம் புதிதாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கானது. தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டு வருவார்கள். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் கடை திறப்பதில்லை என்பது நான் செய்தியாளனாக வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. போர்டு எழுதுகிற ஆள்கூடத் தூரிகையை எடுக்குமுன் கேட்பார்: "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீகளா?" இல்லை என்றால் தூரிகை டப்பாவுக்குள் போய்விடும்.

சொல்லித் தருவதில் அவர் சோடை இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும். ஜவுளிக்கடை வைக்க வந்த ஒருவரிடம், "மேக்க பாத்த கடைய எடுக்காத. சாயங்கால வெயில்ல வாசல்ல தொங்குற சேலையெல்லாம் வெளுத்துப் போகும். வெளுத்த சேலைய யாரும் வாங்க மாட்டாக, தொட்டுப் பாத்துட்டுப் போவாக" என்றார். சைக்கிள் கடை வைக்க வந்தவரிடம், "மொத ஆறு மாசத்துக்குச் சொந்தக்காரன் எவனையும் கடைக்குள்ள உக்கார விடாத. வாசல்ல நிக்க வச்சே பேசி அனுப்பு" என்றார். அந்த சைக்கிள் கடை நன்றாக ஓடியது. கடைக்காரர் இன்றும் அவர் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். சைக்கிளில் அண்ணாச்சிக்கு ஆசை இல்லை. அதனால் சைக்கிள்காரர் பிழைத்தார்.

எனக்கு இது புரிய நாளாயிற்று. மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் செய்தி அனுப்புவது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'புதிய தொழில்முனைவோரின் வழிகாட்டி' என்று அவரைப் பற்றி எழுதினேன். அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மர நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்தால் என் எழுத்தும் சேர்ந்து தெரியும்.

அந்த மூன்று பத்தியில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அவர் கேள்வியே கேட்கமாட்டார்.

இதை நான் கவனித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டுப் பிழைக்கிறவன் நான். ஒரு வீடு எரிந்தது என்று யாராவது சொன்னால், எப்போது, யாருடையது, உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. அண்ணாச்சியிடம் ஒருவன் வந்து தன் வாழ்நாள் கனவைச் சொல்வான். அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நூலை உருட்டுவார். எவ்வளவு கட்டுபடியாகும், சரக்கு எங்கே வாங்குவாய், யார் வாங்குவார்கள், எதுவும் கேட்கமாட்டார். கேட்காதவரிடம் ஆட்கள் கூடுதலாகச் சொல்வார்கள். அமைதியை நிரப்ப வேண்டியிருக்கிறதே. எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்வார்.

"பொறு."

சில பேருக்கு அந்த வார்த்தை கிடைக்காது. சைக்கிள்காரருக்கும் ஜவுளிக்காரருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கு அதோடு ஒரு மாதமும் சேர்த்துக் கிடைக்கும். ஆவணி போகட்டும், தை பொறக்கட்டும். "தொழில் எங்கயும் ஓடிப் போயிராது."

ஓடித்தான் போயிற்று. அண்ணாச்சியின் மருமகன் வீட்டுக்கு.

கமால் என்னோடு திருச்சுழியில் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊர் வீரசோழன். சவுதியில் ஒரு தையல் கடையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் திரும்பி வந்தான். கல்யாணமாகி, மூத்த பெண் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

அவனிடம் ஒரு யோசனை இருந்தது. அன்றைக்குக் கைலி வாங்குகிறவர்கள் அதை அப்படியே உடுத்த முடியாது. தையல்காரரிடம் கொடுத்து இரண்டு ஓரத்தையும் மூட்டி வாங்க வேண்டும். கமால் அதை மூட்டி, ஒரு அலசு அலசி, இஸ்திரி போட்டு, கரை வெளியே தெரிகிற மாதிரி மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஒரு லேபிளும் ஒட்டி விற்க நினைத்தான். வெளிநாடு போகிறவன் பெட்டியில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டு தையல் மெஷின் போதும், மூட்டுவதற்கு ஊரிலேயே ஆள் இருக்கிறது என்றான்.

"ஏலே, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிப்போமா?" என்று கேட்டவன் அவன்தான். ஆனால் கூட்டிக்கொண்டு போனவன் நான். என் செய்தி மாட்டியிருக்கிற சுவருக்கு முன்னால் அவனை உட்கார வைத்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கமால் மாதிரிக்கு ஒரு கைலியை மடித்துக் கொண்டு வந்திருந்தான். பிரித்துக் காட்டினான், மறுபடி மடித்துக் காட்டினான். எந்த மடிப்பில் கரை வெளியே வரும் என்பதுவரை சொன்னான். அண்ணாச்சியின் விரல்களுக்கு நடுவில் நூல் உருண்டுகொண்டிருந்தது. 'லேபிள்' என்ற வார்த்தை வந்ததும் நின்றது. சில நொடிதான். பிறகு உருளத் தொடங்கியது. எனக்கு அது கண்ணில் பட்டது. அர்த்தம் படவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பொறு. ஆவணி போகட்டும். வெளிநாட்டுக் காச எடுத்த எடுப்புல எறக்கிறாத. இத வச்சுட்டுப் போ, ஒருத்தர்கிட்ட காட்டிப் பாக்குறேன்."

கைலியை வைத்துவிட்டு வந்தோம்.

ஆவணி வரவில்லை. ஆடி மாதமே அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே மருமகன் கடை திறந்தார். மூட்டிய கைலி, பிளாஸ்டிக் உறை, லேபிள். கமால் அந்தக் கடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். நானும் பக்கத்தில் நின்றேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "மடிப்பக்கூட மாத்தலயேடா?"

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனோம். அண்ணாச்சி கோபப்படவில்லை. காபி வரவழைத்தார். கமால் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, நான் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டனா? ஒண்ணாச்சும்? நீயா வந்த, நீயா சொன்ன. காதுல விழுந்தத நான் எங்க கொண்டு போயிக் கொட்டுறது? காபிய ஆறவிடாத."

  அவர் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மை. காபியைக் குடித்துவிட்டு வந்தோம். அத்தனை வருடச் செய்தி வேலையில் நான் வெட்கப்பட்ட காரியங்கள் சில உண்டு. முதல் இடம் அந்தக் காபிக்கு.

இரண்டு மாதத்தில் கமால் சவுதிக்குத் திரும்பிப் போனான். போகுமுன் வீட்டுக்கு ஒரு ஃபோன் இணைப்பு வேண்டும் என்று பெயர் பதிந்துவிட்டுப் போனான். அப்போது பதிந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய இரண்டாவது பெண் அவன் போன பிறகு பிறந்தாள். டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க அவன் லீவுக்குக்கூட வரவில்லை. அத்தா என்றால் அவளுக்கு அவன் பேசிப் பதிந்து அனுப்புகிற கேசட்டில் வரும் குரல்.

அதற்குப் பிறகு நான் கணக்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு செய்தியைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்கட்டில் போய் உட்காருவேன். நூல் நின்றால் பொறு. நிற்காவிட்டால் நல்ல புத்திமதி. திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டக்காரர் ஒருவர், சீமைக்கருவேலக் கரியைச் சின்னச் சாக்கில் கட்டி மதுரை இஸ்திரிக் கடைகளுக்கு வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். 'சின்னச் சாக்கு' என்றதும் நூல் நின்றது. தை பிறக்கட்டும் என்றார் அண்ணாச்சி. தை பிறக்குமுன் மருமகன் லாரி மதுரைக்குப் போய் வந்தது. என் கண்ணுக்கு முன்னால் ஐந்தாறு முறை அந்த நூல் நின்றிருக்கிறது. ஒரு முறையும் தப்பவில்லை.

கரிமூட்டக்காரரைக் கடை வாசலிலேயே மறித்து, பொறுக்க வேண்டாம், உடனே ஆரம்பித்துவிடுங்கள் என்று சொன்னேன். "அவுக பொறுன்னு சொன்ன பெறகு ஆரம்பிச்சா வெளங்குமா?" என்றார். இதை என் பத்திரிகையில் எழுத முடியாது. ஒருவர் நூலை உருட்டுவதை நிறுத்தினார் என்பது செய்தி ஆகாது. மருமகன் கடை வைப்பது குற்றமும் இல்லை. எழுத முடியாததைக் கமாலுக்குக் கடிதத்தில் எழுதினேன். அவன் அதைத் தன் மனைவிக்கு எழுதினான்.

அவன் மனைவி மைமூன். அதுவரை என்னிடம் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் மூத்த பெண்ணோடு, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அது ஓடுச்சுன்னா அவுகளத் திரும்பி வரச் சொல்லிருவேன். மாசாமாசம் சவுதியிலருந்து பேங்க் ட்ராப்ட் வந்தாத்தான் அடுப்பு எரியும்ங்கற நெலம மாறுனா வாரேன்னு சொல்லியிருக்காக."

"ஆரம்பிங்க தங்கச்சி. நல்லது."

"அதுக்கு முன்னால அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். கூட்டிட்டுப் போங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டலாகத் தெரியவில்லை.

"அவர்கிட்டயா? தெரிஞ்சுமா?"

"எங்க வீட்டுக்காரவுக சொன்னத அப்படியே செஞ்சாருல்ல. நான் சொல்றதயும் செய்யட்டும்."

அதற்குமேல் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அவர் எதையோ சொல்லாமல் விடப்போகிறார் என்பது மட்டும் புரிந்தது. அது எது என்று தெரியவில்லை. தெரியாமலே கூட்டிக்கொண்டு போனேன். சந்தோஷமாகத்தான் போனேன்.

அண்ணாச்சிக்கு வயதாகியிருந்தது. கோன் அதே இடத்தில் இருந்தது. மைமூன் தட்டை வைத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். யார் மனைவி என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க ஊருல வீட்டுக்கு ஒரு ஆளு சவுதியிலயோ துபாயிலயோ இருக்காக. ஒரு ஃபோன் பேசணும்னா பஸ்ஸேறி டவுனுக்கு வரவேண்டியிருக்கு. எங்க பஜார்லயே, பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல, டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு எடம் இருக்கு. அதுல எஸ்.டி.டி. பூத்து போட்டா..."

நூல் நின்றது.

மைமூன் நிறுத்தவில்லை. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, உள்ளே சின்ன ஃபேன், சிவப்பு எண் ஓடுகிற மீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் ஊரில் முதலில் போட்டுவிட்டு, பக்கத்தில் வெளிநாட்டு ஆட்கள் உள்ள இன்னும் இரண்டு ஊர்களிலும் போடலாம் என்றார். நல்ல பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போல இருந்தது. நூல் மறுபடி உருளத் தொடங்க வழக்கத்தைவிட நேரமாயிற்று.

"நல்ல யோசனதாந் தாயி. ஆனா இதெல்லாம் கவர்மெண்டு சமாச்சாரம். அவசரப்படாத. பொறு. ஆவணி போகட்டும்."

"சரிங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா சரி."

"தொழில் எங்கயும் ஓடிப் போயிராது."

"ஓடாதுங்க அண்ணாச்சி."

வீரசோழன் பஸ் கிளம்பியதும் மைமூன் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "நூலு நின்னுச்சுல்லண்ணே? கடுதாசில எழுதியிருந்தாக. நெசமாவே நிக்கும்னு நெனைக்கல."

"என்னத்தச் சொல்லாம விட்டீக?"

"இங்கருந்து சவுதிக்குப் பேச எம்புட்டு ஆகும்னு தெரியுமா? எந்தப் பொம்பள அத்தனக் காச மீட்டர்ல ஓட விட்டுட்டுப் பேசுவா? புருசமாருதான் அங்கருந்து கூப்பிடுவாக, லீவு நாளுல. யாருக்குன்னு கேட்டு, வீட்டுக்கு ஆளனுப்பிக் கூட்டியாந்து, அந்தப் பிள்ளைய ஒரு எடத்துல உக்கார வைக்கணும். அதுக்கு ஒரு தடவைக்கு அஞ்சு ரூவா. தொழிலு அதுதான்ணே. அப்புறம்..." என்று சிரித்தார். "பஜார்ல, டீக்கடைக்கு எதுக்க, கண்ணாடிக் கூண்டுக்குள்ள நின்னு எவ தன் புருசன்கிட்டப் பேசுவா? பேச்சு கேக்காதுதான். அழுறது தெரியுமுல்ல?"

கமால் பதிந்து வைத்த ஃபோன் அந்த மாதம்தான் அவர் வீட்டுக்கு வந்திருந்தது. அந்த வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு வாசல் உண்டு.

ஆவணிக்கு முன்பே பஜாரில் பூத் வந்தது. அண்ணாச்சி இந்த முறை முந்திக்கொண்டு மூன்று ஊருக்கும் சேர்த்தே மூன்று கூண்டு செய்யச் சொல்லியிருந்தார். திறப்பு விழாவுக்கு அவரே வந்தார். மருமகன் கல்லாவில் உட்கார்ந்தார். விழாப் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை. படம் ஏன் பேப்பரில் வரவில்லை என்று மருமகன் கேட்டபோது, "இடமில்லைன்னுட்டாங்க. பொறுங்க, வரும்" என்றேன்.

முதல் வாரம் ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். மதுரைக்கும் விருதுநகருக்கும் இரண்டொருவர் பேசினார்கள். சவுதிக்கு யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை, சவுதியில் விடுமுறை நாள், டீக்கடை நிறையும். பூத்துக்குள் ஃபேன் சும்மா கிடக்கும். அதே நேரம் பின்சந்தில், மைமூன் வீட்டு நடைக்கூடத்தில், பத்துப் பதினைந்து பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மணி அடிக்கும். மைமூன் எடுத்து, யாருக்கு என்று கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திரைக்கு உள்ளே போகிறவள் போனதும் மற்றவர்கள் வேண்டுமென்றே சத்தமாகப் பேசிக்கொள்வார்கள், உள்ளே பேசுகிறவள் குரல் தங்கள் காதில் விழுந்துவிடாதபடி. யாரும் யாருக்கும் சொல்லித்தராத மரியாதை அது. எந்தக் கண்ணாடிக் கூண்டிலும் அதைச் செய்து வைக்க முடியாது.

அண்ணாச்சியின் பூத் ஒரு வருடத்துக்கு மேல் திறந்திருந்தது. பார்க்கப்போனால் ஒரு மாதத்தில் மூடியிருக்கலாம். ஏன் யாரும் வரவில்லை என்று ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும், எந்த டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. போர்டை இன்னும் பெரிதாக்கினார். கூண்டுக்கு வெளியே பல்பு மாலை போட்டார். மற்ற இரண்டு ஊர்களிலும் அதே கூண்டைக் கொண்டுபோய் வைத்தார். கேட்பது அவர் உடம்பில் இல்லாத காரியம்.

கடைசியில் மூன்று கூண்டும் லாரியில் ஏறி அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்தன. அவருடைய கோடவுன் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, உள்ளே நூல் கோன்களை அடுக்கினார்கள். திருச்சுழி பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே தெரியும். "அந்தா பாரு, அண்ணாச்சி உள்ள நின்னு சவுதிக்குப் பேசிக்கிட்டு இருக்காரு" என்று யாராவது சொல்வார்கள். நான் அந்த பஸ்ஸில் தேவை இல்லாமலும் சில முறை போயிருக்கிறேன்.

நூல் விஷயத்தை அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொன்னேன். ஒரே ஒரு டீக்கடைக்காரரிடம். நான் எழுதிய எந்தச் செய்தியும் அவ்வளவு சீக்கிரம் பரவியதில்லை.

அடுத்த மாதம் பின்கட்டில் கூட்டம் கூடியது. எல்லோர் கையிலும் தட்டு. அந்த டீக்கடைக்காரரே போனார். கழுதைப் பாலைப் பொடியாக்கி, டப்பாவில் அடைத்து, சீக்குப் பிள்ளைகளுக்கு விற்கப்போவதாக அரை மணி நேரம் விளக்கிவிட்டு வந்தார்.

"நூல் நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு செகண்டு நின்னுச்சுண்ணே. சத்தியமா. டப்பான்னு சொன்னப்ப நின்னுச்சு."

இன்னொருவர் ஓணான் பண்ணை என்றார். இன்னொருவர் கிணற்றுக்கு மூடி வாடகைக்கு விடுவது என்றார். சிரிக்காமல் சொல்லி முடிப்பவருக்கு டீ இலவசம் என்று பந்தயம் ஓடியது. உண்மையான யோசனை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. போர்டு எழுதுகிறவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அண்ணாச்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி, பொறு, பொறு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எது மெய், எது கேலி என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி ஒரு கேள்வி கேட்பது. யாரையும் அவர் கேட்கவில்லை. மெல்ல மெல்லக் கேலிக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். நாற்காலியும் கோனும் சட்டம் போட்ட என் செய்தியும் மட்டும் மிஞ்சின.

இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. கமாலின் இரண்டாவது பெண், அத்தாவை விமான நிலையத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, பன்னிரண்டு வயதை நெருங்கியும் சின்னப் பிள்ளை மாதிரி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் ஒளிந்தாள். குரலைக் கேட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தாள். அதை நேரில் பார்த்தவன் நான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. கமால் இந்த முறை போவதில்லை என்று வந்துவிட்டான். தலை நரைத்திருந்தது. நான்கு தையல் மெஷின் வாங்கினான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை. அட்வான்ஸ் கொடுத்து, மெஷின் இறக்கி, போர்டும் எழுதி முடித்து, காகிதம் சுற்றிக் கடைக்குள் சாத்தி வைத்தாயிற்று. திறப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தன் வீட்டில் வைத்து என்னிடம் சொன்னான்:

"ஏலே, அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோமா?"

மைமூனைப் பார்த்தேன். அவர் தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

காலை ஏழு மணி. பின்கட்டில் வேறு யாரும் இல்லை. அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் காபிக்குக் குரல் கொடுத்தார். கமாலை அவருக்கு அடையாளம் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கைலி மடித்துக் காட்டியவனின் கையை உற்றுப் பார்த்தார். கையில் வெற்றிலைத் தட்டு மட்டும்தான் இருந்தது.

கமால் தட்டை வைத்தான். பழைய பெஞ்சில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, நாளான்னிக்கு ஒரு தொழில் ஆரம்பிக்கிறேன்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான்.

அண்ணாச்சி கண்ணைப் பாதி மூடினார். நூல் உருண்டது. கமால் பேசவில்லை. வெளியே கடைவாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. நூல் உருண்டது. அமைதியை நிரப்புவது எங்கள் வேலை இல்லை என்று உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு கண்ணைத் திறந்து கமாலைப் பார்த்தார், பிறகு என்னை. நான் சுவரில் இருந்த என் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் பிசிறு பிசிறாகி, இரண்டாக அறுந்து, அவர் மடியில் விழுந்தது. அடுத்த முழம் இழுக்கக் கோனை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"என்ன தொழிலுப்பா?" என்றார்.

எனக்குத் தெரிந்து அந்த நாற்காலியிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

"பொறுங்க அண்ணாச்சி" என்றான் கமால். "கடை எங்கயும் ஓடிப் போயிராது."

காபி வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆற்றி, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தோம். சர்க்கரை சரியாக இருந்தது.